மாமா மாட்டிய பின் சீட்டு

தடாரென்று ஒரு சத்தம். அதுவரை ஊரைக் கூட்டிக்கொண்டிருந்த இன்ஜின் சட்டென்று அடங்கியது.

பட்டறையில் இரும்பு கேட்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்த வெல்டருக்குக் கை அப்படியே நின்றது. அக்காவின் நாற்றுப் பண்ணையில் மண்மூட்டை இழுக்க வாங்கிய நாலு சக்கர பைக்கின் இன்ஜின் அது. அக்கா செடிகளை ஏற்றிக்கொண்டு வேனில் போயிருந்தாள். அவள் பிள்ளைகள் இருவரும் அவன் பொறுப்பு. "ஒரே ஒரு ரவுண்டு மாமா" என்று கெஞ்சிய பெரியவளிடம் சாவியைக் கொடுத்ததும் அவன்தான்.

முகமூடியைக் கழற்றி வீசிவிட்டு ஓடினான்.

மேட்டுச் சரிவில் வண்டி மல்லாந்து கிடந்தது. சக்கரங்கள் இன்னும் சுழன்றன. வீட்டில் இருந்த ஒரே ஹெல்மெட்டோடு பெரியவள் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"தம்பி எங்கடி?"

அவள் கையை மட்டும் நீட்டினாள். வண்டிக்கு அடியில் ஒரு சின்னச் செருப்பு தெரிந்தது.

"சுண்டெலி! டேய், மாமா வந்துட்டேன்டா!"

முனகல்தான் வந்தது. பின் சீட்டின் இரும்புச் சட்டம் பையனின் நெஞ்சை மண்ணோடு அழுத்தியிருந்தது. வண்டியோடு வந்த சீட்டு அல்ல அது. போன மாதம் அவனே பற்றவைத்தது.

"ஒத்தை ஆள் வண்டிடா இது. பின்னால ஆள் உக்காந்தா மேட்டுல முன்சக்கரம் தூக்கிக்கும். அதுல சின்னப் பசங்க வேற! முதல்ல அதைக் கழட்டி எறி" என்று அக்கா அன்றே சண்டை பிடித்தாள். அவன் சீட்டை மட்டும் கழற்றிவிட்டு, சட்டத்தைக் கூடை வைக்கிற தட்டு என்று சொல்லிச் சமாளித்துவிட்டான். யானை உட்கார்ந்தாலும் உடையாது என்று பிள்ளைகளிடம் பீற்றிக்கொண்டது தனிக்கதை.

இப்போது அது உடைந்து தொலையாதா என்று வெறிபிடித்தவன்போல் உதைத்தான். கால்தான் வலித்தது. மெஷினால் அறுக்கலாமென்றால் டாங்கிலிருந்து பெட்ரோல் சொட்டுகிறது. ஒரு பொறி போதும். தோளைக் கொடுத்துத் தூக்கினான். நரம்பு புடைத்ததே தவிர வண்டி இம்மியும் அசையவில்லை.

முனகல் நின்றுபோனது.

"மாமா, ஏதாவது பண்ணுங்க மாமா!" பெரியவள் அலறினாள்.

கடவுளே, என் உயிரை எடுத்துக்கோ என்று அவன் மண்ணைப் பிறாண்டும்போது வேன் வந்து நின்றது. ஓடி வந்த அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. நாற்றுப் பந்தலிலிருந்து இரும்புக் குழாயைப் பிடுங்கி வந்து வண்டிக்கு அடியில் சொருகினாள்.

"கல்லை முட்டுக் குடு! நானும் இவளும் அமுக்குறோம். நீ இழு!"

தாயும் மகளும் குழாயில் தொங்கினார்கள். சட்டம் மெல்ல எழும்பியது. வெல்டர் பையனை வெளியே இழுத்தான்.

மூச்சு இல்லை. பிறகு ஓர் இருமல். அதன் பின்னாலேயே அழுகை.

"தூக்காதே! அப்படியே படுக்கட்டும். ஆம்புலன்ஸுக்குப் போன் போடுடி" என்றாள் அக்கா. மகனின் வெறுந்தலையைத் தடவியபடி வண்டியைப் பார்த்தாள்.

"ஏண்டா, கூடை வைக்கிற தட்டுல இவன் எப்படி உக்காந்தான்?"

 வெல்டருக்குப் பரிந்துகொண்டு வந்தது சுண்டெலிதான்.

"மாமாவைத் திட்டாதம்மா... நீ வீட்ல இல்லாதப்போ மட்டும்தான் அதுல சீட்டு மாட்டுவாரு."