பூஜ்யத்தில் முடிந்த எண்கள்

வீட்டில் அவளைப் பெரியவள் என்றார்கள். கொழுந்தனுக்குக் கல்யாணமாகி சின்னவள் வந்த பிறகு ஒட்டிக்கொண்ட பெயர் அது. அதற்கு முன் அவள் வெறும் மருமகள்தான்.

மகப்பேறு மருத்துவமனையின் ஆய்வுப் பிரிவில் ஒன்பது வருடமாக அவள் செவிலி. கர்ப்ப காலத்தில் சில பெண்களுக்கு ரத்த அழுத்தம் எகிறிவிடும். தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. ஆரம்பத்திலிருந்தே ஒரு சிறு மாத்திரை கொடுத்து வந்தால் அதைத் தடுக்க முடியுமா என்று பார்ப்பதுதான் ஆய்வு. பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் வெற்று மாத்திரை. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது.

சேருவதற்கு முதல் நிபந்தனை, கரு பன்னிரண்டு வாரம் தாண்டியிருக்க வேண்டும். அந்த வரியை அவள் நூற்றுக்கணக்கான பெண்களுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அவள் வயிற்றில் வந்த மூன்றும் பன்னிரண்டைப் பார்க்கவில்லை. ஒன்பது, பதினொன்று, மறுபடியும் ஒன்பது.

சின்னவளுக்குக் கல்யாணமான மூன்றாம் மாதமே வாந்தி. அவளுடைய அம்மாவுக்கும் அக்காவுக்கும் பிரசவத்தில் ரத்த அழுத்தம் ஏறியிருந்ததால் ஆய்வுக்கு அவள் பொருத்தமானவள். நம்ம வீட்டு ஆளே அங்கே இருக்கும்போது வேறெங்கே போவது என்று மாமியார் முடிவு கட்டிவிட்டார். உறவு என்பதால் சின்னவளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை, எல்லோரும் நெட்டை என்று கூப்பிடும் இன்னொரு செவிலியிடம் கொடுத்தார் தலைமை டாக்டர். சின்னவளின் ஆய்வுக் கோப்பைத் தொடமாட்டேன் என்று பெரியவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

நான்கு வாரம்தான் அந்தக் கையெழுத்தைக் காப்பாற்றினாள்.

ஐந்தாவது வாரத்தில் வீட்டில் அறை மாற்றினார்கள். கீழே குளியலறையோடு இருந்த அறை பெரியவளுடையது. சின்னவள் படி ஏறக்கூடாது என்று மாமியார் சொன்னார். கணவன் மறுபேச்சில்லாமல் கட்டிலைக் கழற்றி மாடிக்கு ஏற்றினான். மூன்று தடவை கர்ப்பமாக இருந்தபோதும் ஈரத்துணி வாளியோடு அவள் அதே படியில் ஏறி இறங்கியிருக்கிறாள். அப்போது யாருக்கும் படி நினைவுக்கு வரவில்லை. அவள் தலையணைகளைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

மறுநாள் நெட்டை சாப்பிடப் போனதும், அலமாரியிலிருந்து சின்னவளின் கோப்பை எடுத்தாள். ஸ்கேன் படம், தலைச் சுற்றளவு, தொடை எலும்பின் நீளம், எல்லாம் அளவெடுத்துத் தைத்த மாதிரி சரியாக இருந்தது. படிக்கப் படிக்க வயிறு எரிந்தது. எரியட்டும் என்று படித்தாள். அதன் பிறகு சோற்று டப்பாவைத் திறப்பதற்கு முன் கோப்பைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. எங்காவது ஒரு எண் கோணலாக இருக்காதா என்று தேடினாள் என்பதுதான் உண்மை. அதை அவள் பிற்பாடு தனக்குத்தானே ஒத்துக்கொண்டாள்.

முப்பத்தொன்றாம் வாரம் அது கிடைத்தது. ஆய்வில் சேர்ந்தவர்களுக்கு ஒரு கருவி கொடுப்பார்கள். காலையும் மாலையும் வீட்டிலேயே அழுத்தம் பார்த்து நோட்டில் எழுதி, பக்கங்களைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்; நேரில் வருவது மாதம் ஒருமுறைதான். சின்னவளின் நோட்டில் பன்னிரண்டு நாளாக 120/80, 110/70, மறுபடியும் 120/80. ஒன்றுவிடாமல் எல்லாம் பூஜ்யத்தில் முடிந்தன. அந்தக் கருவி 117 காட்டும், 123 காட்டும். இப்படி வரிசையாகப் பூஜ்யம் காட்டவே காட்டாது. நெட்டை எண்களைப் பார்த்தாள், அளவுக்குள் இருந்தன, டிக் அடித்துவிட்டாள்.

பெரியவளுக்கு முதலில் வந்தது சந்தோஷம். பொய்க்காரி, கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். டப்பாவை மூடும்போதுதான் அடுத்தது உறைத்தது. சோம்பேறித்தனத்தில் எழுதியிருந்தால் போகட்டும். எதையாவது மறைக்க எழுதியிருந்தால்?

சொன்னால் கோப்பைத் திறந்தது வெளியே வரும். சின்னவளையே கேட்கலாம் என்றால் உனக்கெப்படித் தெரியும் என்பாள். வெள்ளிக்கிழமை நெட்டையே எப்படியும் அழுத்தம் பார்ப்பாள், அதுவரை என்ன ஆகிவிடப் போகிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அப்படியே இரண்டு நாள் போனது. அந்த இரண்டு நாளும் சின்னவள் முகத்தை அவள் நேராகப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது சின்னவள் வாசலில் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். காலில் புருஷனுடைய செருப்பு. அதற்குள்ளும் பாதம் பிதுங்கிக்கொண்டிருந்தது. வெளிச்சம் கண்ணைக் கூசுகிறது என்று ஒரு கையால் நெற்றியை மறைத்திருந்தாள்.

பெரியவள் பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே தலைமை டாக்டருக்குப் போன் செய்தாள். கோப்பைப் படித்ததை முதலில் சொன்னாள், பூஜ்யங்களைப் பிறகு. டாக்டர், "மத்ததைப் பின்னாடி பேசிக்கலாம். உடனே கூட்டிட்டு வா" என்றார்.

மருத்துவமனையில் பார்த்தபோது 168/110. சிறுநீரில் புரதம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்குத் தாய்க்கு ஊசி போட்டு, இரண்டு நாள் எப்படியாவது தாங்க வைத்து, பிறகு எடுத்துவிடலாம் என்றார்கள்.

மாமியார் துணி எடுக்க வீட்டுக்குப் போயிருந்த நேரம், பெரியவள் கட்டிலோரம் நின்றாள். கையில் ஊசிக்குழாயோடு படுத்திருந்த சின்னவள் தானாகவே ஆரம்பித்தாள்.

"ஏற ஆரம்பிச்ச முதல் ரெண்டு நாள் உண்மையாத்தான் எழுதினேன்க்கா. நூத்தம்பது காட்டுச்சு. அந்தத் தாளைக் கிழிச்சுட்டேன்."

"ஏன் சொல்லல?"

"சொன்னா எல்லாரும் உங்களைப் பாக்கிற மாதிரியே என்னையும் பாப்பாங்கன்னு."

பெரியவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். எதிர்க்கட்டிலில் யாரோ இருமினார்கள். இவளிடம் பொய் சொல்ல இனி முடியாது என்று தோன்றியது.

"உன் ஃபைலை நான் தினமும் படிச்சேன். பொறாமை. வேற ஒண்ணுமில்ல. நீ எழுதினது பொய்னு முந்தாநாளே தெரியும். நான்தான் வாயைத் திறக்கல."

சின்னவள் குழாய் இழுபடாமல் மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "கொஞ்ச நேரம் வெளிய இருங்கக்கா" என்று மட்டும் சொன்னாள்.

பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். இருபத்தாறு நாள் கண்ணாடிப் பெட்டியில் இருந்தது. சின்னவளுக்கு அழுத்தம் இறங்க ஒரு வாரம் ஆனது.

விசாரணை நடந்தது. பெரியவளை ஆய்விலிருந்து நீக்கி, தடுப்பூசிப் பிரிவுக்கு மாற்றினார்கள். நாள் முழுக்கக் கைக்குழந்தைகள் வீறிடும் இடம். டாக்டர் கடிதத்தை நீட்டும்போது, அவள் சொல்லியிருக்காவிட்டால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்றார். ஆனாலும் அந்தப் பிரிவில் இனி அவளை நம்பிக் கோப்புகளை விட முடியாது என்றார். இரண்டும் சரிதான் என்று அவளுக்குத் தெரிந்தது. நெட்டை அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அதற்கும் அவளால் குறை சொல்ல முடியவில்லை.

வீட்டில்தான் தாங்க முடியவில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெரியவள்தான் காப்பாற்றிக் கொடுத்தாள் என்று மாமியார் மாய்ந்து மாய்ந்து சொன்னார். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த இரண்டு நாளைப் பற்றி யாரிடமும் அவள் மூச்சு விடவில்லை. பெரியவளோடு தேவைக்கு மேல் பேசவும் இல்லை.

குழந்தை வீட்டுக்கு வந்து ஒன்பதாம் நாள் மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். சின்னவளுக்குக் குளிக்க வேண்டும். பெரியவளைக் கூப்பிட்டாள். வந்ததும் கொஞ்சம் யோசித்துவிட்டுக் குழந்தையை நீட்டினாள்.

"தலையைப் பிடிச்சுக்கோங்க."

ஒன்பது வருடச் செவிலிக்குத் தலையைப் பிடிக்கச் சொல்லித் தருகிறாள். பெரியவள் சரி என்று வாங்கிக்கொண்டாள். முன்பு தன்னுடையதாக இருந்த அந்த அறையில், குளியலறைக்குள் தண்ணீர் விழும் சத்தம் கேட்க, குழந்தையோடு நின்றாள். பூனைக்குட்டி அளவு கனம். கொட்டாவி விட்டது. நெஞ்சில் அதே எரிச்சல், கொஞ்சமும் குறையாமல். குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தாள், திரும்பினாள், மறுபடியும் நடந்தாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கவேண்டாம் என்றிருந்தது அவளுக்கு.