பெருக்கல் குறி போட்ட உத்திரம்

1

பேருந்து சிக்னலில் நின்ற நேரத்தில் கிடைத்த கதை இது. பாதி கட்டிய வீட்டின் முன்னால், தரையில் கிடந்த இரும்பு உத்திரத்தை ஒரு பெண் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் கான்கிரீட் லாரி ஹாரன் அடித்தது. நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "சுழற்சிப் பொருளாதாரம் என்பது யாதெனில்..."

(வேண்டாம். இதைக் கேட்டால் அவளே பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் போய்விடுவாள்.)

அவள் சின்ன காண்ட்ராக்டர். ஆள் ஆறு பேர், தம்பிதான் வெல்டர். இடிக்கிற கட்டடங்களில் நல்ல நிலையில் இருக்கும் இரும்பையும் கதவையும் கழற்றி, சோதித்து, புது வீட்டுக்குப் போடுவது என்று இந்த வருடம்தான் துணிந்தாள். இது முதல் வீடு. பழைய கிடங்கு ஒன்றிலிருந்து எட்டு உத்திரம் வந்தது. தம்பி ஒவ்வொன்றாகப் பார்த்து ஏழில் சாக்பீஸால் சரி போட்டான். ஒன்றில் நகத்தளவு விரிசல். அதற்குப் பெருக்கல் குறி. வீட்டுக்குத் தேவை ஏழுதான்.

3

வீட்டுச் சொந்தக்காரர் பார்க்க வருகிறார் என்றதும் அவள் சொன்னாள்: "பழசுன்னு மூஞ்சியில அடிக்கக் கூடாதுடா. கழுவி, பெயின்ட் அடிச்சு வை."

எட்டும் ஒரே வயிற்றில் பிறந்தவைபோல் சிவந்து கிடந்தன. சாக்பீஸ் தண்ணீரோடு போயிற்று.

ஏழும் மேலே ஏறி, தகடும் கம்பியும் பரப்பி, இன்று கான்கிரீட் கொட்டும் நாள்.

"கீழ மிச்சம் கிடக்கிறது அந்தப் பெருக்கல்தானேடா?"

"அதான்னு நெனைக்கிறேன்க்கா."

"நெனைக்கிறியா?"

"ஓரமாத்தான் வெச்சேன். பெயின்ட் காயப் புரட்டினப்போ மாறியிருந்தா..."

"மாறியிருந்தா? கூரை உன் நெனப்பு மேலயா நிக்கும்?"

(முதல் வரைவில் தம்பியைச் சோம்பேறியாக எழுதினேன். அநியாயம். கழுவச் சொன்னது அக்கா. அதை அவன் இதுவரை சொல்லிக்காட்டவில்லை.)

4

"என்னம்மா, கொட்டலாமா? உள்ளே இறுகுது," என்றார் லாரிக்காரர்.

"அஞ்சு நிமிஷம்ண்ணே."

"உங்க அஞ்சு நிமிஷம் அரை மணி நேரமா ஓடுது."

தரையில் கிடப்பதில் விரிசல் இருந்தால் கூரை பிழைத்தது. இல்லாவிட்டால் அது மேலே இருக்கிறது. லாரியைத் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டுக்காரர் "பழசு வேண்டாம்னு அப்பவே சொன்னேன்" என்பார். அப்புறம் அவளை யாரும் பழைய ஆணிகூடப் போடவிட மாட்டார்கள்.

5

முடிவு ஒன்று: முதல் தேய்ப்பிலேயே விரிசல் தெரிகிறது. (ரொம்ப சௌகரியம்.)

முடிவு இரண்டு: விரிசல் கிடைக்காமலே அவள் "கொட்டுங்க" என்கிறாள். பிறகு அந்தக் கூரைக்குக் கீழே யாரோ கட்டிலை இழுத்துப் போட்டு...

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

தெரியும் பக்கமெல்லாம் பெயின்ட் போகத் தேய்த்தாயிற்று. ஒன்றுமில்லை. அடிப்பக்கம் மட்டும் மண்ணைப் பார்த்துக் கிடக்கிறது. ஆட்கள் எல்லாரும் மேலே. தம்பியும் மேலேதான், தகட்டின் மேல் நிற்கிறான்.

"அக்கா, இருக்கா?"

அவள் உத்திரத்தின் ஒரு முனையில் கை கொடுத்துக் குனிகிறாள். ஒற்றை ஆளால் புரளாது.

எனக்குப் பச்சை விழுந்துவிட்டது, பேருந்து நகர்கிறது. நீங்கள் தெருவில்தான் நிற்கிறீர்கள். அந்த முனையைக் கொஞ்சம் பிடியுங்கள்.