மேட்டுத் தெருவில் புகார் இல்லை

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள் கண்ணுகளா, சுவரோரம் ஒட்டிக்கொண்டால் என் குரல் எட்டாது. கால் நீட்ட வேண்டியவர்கள் நீட்டிக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஒரு தெருவே சேர்ந்து பொய் சொன்ன கதை ஒன்று வைத்திருக்கிறேன். பொய் என்றதும் முகம் சுளிக்காதீர்கள். முழுசாகக் கேட்டுவிட்டு அப்புறம் சுளியுங்கள்.

ஒரு தண்ணீர்க்காரர் இருந்தார். குடிநீர் அலுவலகத்தில் வேலை. தெருத்தெருவாகப் போய், தரையில் பதித்த இரும்பு மூடியைத் தூக்கி, மார்பு உயரச் சாவியைப் பள்ளத்துக்குள் விட்டு வால்வைத் திருகுவார். அந்தத் தெருக் குழாய்களில் தண்ணீர் வரும். நேரம் முடிந்ததும் திரும்ப வந்து மூடுவார். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. வீட்டில் மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகள், அவரைப் பெற்ற தாய். குடியிருந்த வீடும் அலுவலகம் கொடுத்ததுதான், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் இரண்டு அறை.

அலுவலகத்தைக் குறை சொல்லக் கூடாது. அடக்கச் செலவுக்கு அன்றைக்கே பணம் கொண்டுவந்து கையில் கொடுத்தார்கள். கூட வேலை பார்த்தவர்கள் ஆளுக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டுக்கொடுத்தார்கள். பின்னாலேயே குடும்ப நிவாரணம் வந்தது. ஆஸ்பத்திரிக் கடன் அடைந்தது, பெண்ணின் படிப்பு நிற்கவில்லை. வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் அதே வேலை தருவதாகவும் சொன்னார்கள்.

"நான் போறேன்" என்றார் மாமியார்.

"அத்தே, உங்களுக்கு நாலு படி ஏறினா மூச்சு வாங்குது."

"வால்வு தரையிலதானே இருக்கு? படி எதுக்கு ஏறணும்?"

தண்ணீர்க்காரர் போன பிறகு அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது. சிரிப்பு முடிவதற்குள் இரண்டு பேருக்கும் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் அலுவலகத்தில் மாமியார் சம்மதக் கையெழுத்துப் போட்டார். "எம் மருமகளுக்கே குடுங்க. ஆனா பாருங்க, சாவியும் அவளும் ஒரே பருமன். எது எதுன்னு தெரியாம மாத்தித் தூக்கிடாதீங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. "இது ஆம்பளைங்களே முதுகு வலிக்குதுன்னு சொல்ற வேலைம்மா. நான் தடுக்கல. தகுதிகாண் காலம் முடியட்டும். அதுக்குள்ள தெருவுலேருந்து புகார் வந்துச்சுன்னா என்னால நிரந்தரம் பண்ண முடியாது. வேலை இல்லேன்னா வீட்டையும் காலி பண்ணணும். முன்னாடியே சொல்லிட்டேன்."

இந்தச் சேதியை மாமியார், "உங்கிட்ட மட்டும் சொல்றேன்" என்று சொல்லிச் சொல்லியே எல்லாத் தெருவுக்கும் தெரியவைத்துவிட்டார்.

அலுவலக மேஸ்திரி கூடவே வந்து மருமகளுக்கு வேலை பழக்கினார். சாவியின் கைப்பிடியில் காதை வைத்தால் குழாய்க்குள் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். அதையும் காட்டிக்கொடுத்தார். மேட்டுத் தெருப் பள்ளம் மட்டும் ஆழம், மூடியும் கனம். "இதை நான் பார்த்துக்கிறேன், நீ அடுத்ததுக்குப் போ" என்பார். இரக்கப்பட்டுத்தான் செய்தார் பாவம், அங்கேதான் வினை இருந்தது.

ஒருநாள் எங்கேயோ பெரிய குழாய் வெடித்து மேஸ்திரி அங்கே ஓடிவிட்டார். இவள் தனியாக மேட்டுத் தெருவுக்குப் போனாள். மூடியை நெம்பித் தூக்கி, சாவியை விட்டு, மற்ற வால்வுகளைத் திறப்பதுபோல இடப்பக்கம் திருகினாள். அசையவில்லை. காதை வைத்துக் கேட்டாள். தண்ணீர் ஓடும் சத்தம். 'நேத்து மூடாமலே விட்டிருக்காங்க, திறந்துதான் கிடக்கு' என்று நினைத்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டாள். அது பக்கத்துப் பெரிய குழாயின் சத்தம் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மேட்டுத் தெருவில் குழாய்களைத் திறந்து வைத்துக் குடத்தோடு காத்திருந்தார்கள். காற்றுதான் வந்தது. சலித்துப்போய், திறந்த குழாயைத் திறந்தபடியே விட்டு, பாதிப் பேர் வேலைக்குப் போய்விட்டார்கள். நேரம் முடிந்ததும் இவள் வந்து வலப்பக்கம் திருகினாள். சாவி வெண்ணெயில் போவதுபோல் சுற்றியது. மூடியாயிற்று என்று போய்விட்டாள்.

மூடவில்லை கண்ணுகளா. அப்போதுதான் திறந்தாள். அது எதிர்ப்பக்கம் சுற்றுகிற பழைய வால்வு!

தொட்டி நிறையத் தண்ணீர், தெரு முழுக்கத் திறந்த குழாய். கேட்க வேண்டுமா? சமையலறையில் புகுந்து, வாசல் வழியாக இறங்கி, தெரு ஆறாகிவிட்டது. கீழ்த்தெருவில் நின்றவள் காலில் தண்ணீர் தட்டியதும், சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். இன்னும் வலப்பக்கமே திருகிப் பார்த்தாள், அசையவில்லை. பயத்தில் கை தானாக மறுபக்கம் திருகியது. சத்தம் அடங்கியது. அவளுக்குப் புரிந்தது. அந்த நேரம் பார்த்து, வெடித்த குழாயைப் பார்க்கப் போன அதிகாரியின் ஜீப் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது.

"இங்கேயும் உடைஞ்சிருச்சா? எங்கே?"

"சார், அது நான்..." என்று இவள் வாய் திறந்தாள்.

முதல் வீட்டு அக்கா விளக்குமாற்றோடு குறுக்கே வந்தாள். "நீ தள்ளி நில்லும்மா, கழுவுற இடம் வழுக்கும். ஒண்ணும் உடையல சார், வீடு கழுவினேன்."

"தெரு முழுக்கவா?"

"ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன் சார். எங்க வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க."

"நான் பூனையைக் குளிப்பாட்டினேன்" என்றாள் எதிர்வீட்டுச் சித்தி.

"பூனை எங்கே?"

"அதுக்குப் பிடிக்கல சார். ஓடிப்போச்சு."

அதிகாரி கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி நடந்தார். தெரு இறங்கி முடிகிற தாழ்வான இடத்தில் தையற்கடை. தையற்காரரை எல்லோரும் மனு மாமா என்பார்கள். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும் மனு எழுதுவார், பகலில் எரிந்தாலும் எழுதுவார். பள்ளிக்கூடச் சீருடைத் துணி கட்டுக்கட்டாகத் தரையில் இருந்தது. அத்தனையும் சொட்டச் சொட்ட நனைந்துவிட்டது. உண்மையாகவே நஷ்டம் அவருக்குத்தான்.

"உங்க கடுதாசி இல்லாம எனக்கு வாரம் போறதில்ல" என்றார் அதிகாரி. "சொல்லுங்க, என்ன நடந்தது?"

மனு மாமா துணியைப் பார்த்தார். வாசலில் சாவியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றவளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"புதுத்துணி சார். நனைச்சுக் காயப்போட்டுத்தான் வெட்டணும். இல்லேன்னா முதல் சலவையில அண்ணன் சட்டை தம்பிக்குத்தான் ஆகும்."

"இஞ்சு டேப்பும் நனைஞ்சிருக்கே?"

"அதுவும் சுருங்கக் கூடாதில்ல?"

அதிகாரி திரும்பி அவளிடம் வந்தார். "இந்த வால்வு எதிர்ப்பக்கம் சுத்தும்னு மேஸ்திரி உங்களுக்குச் சொல்லியிருக்கணும். மூடிக்குச் சிவப்புப் பெயின்ட் அடிக்கச் சொல்றேன்." ஜீப்பில் ஏறியவர் தெருவைப் பார்த்து, "தண்ணி வரலேன்னா புகார் வரும். வந்துச்சுன்னு யாரும் குடுக்கலையே, நான் என்ன செய்ய?" என்றார். அப்போதுதான் அவர் பல்லைப் பார்த்தார்கள்.

அன்று மாலை மேட்டுத் தெரு முழுக்கச் சீருடைத் துணி கொடிகட்டிப் பறந்தது. பிழிவதற்கு ஒரு கூட்டம், உலர்த்துவதற்கு ஒரு கூட்டம். மாமியாரும் மருமகளும் இஸ்திரிப் பெட்டியோடு வந்து உட்கார்ந்து கடைசி முழம் வரை தேய்த்துக்கொடுத்தார்கள்.

தகுதிகாண் காலம் முடிந்தது. நிரந்தர ஆணை வந்த அன்று அவள் வேலை முடிந்த கையோடு மேட்டுத் தெருவில் வீடு வீடாக ஏறினாள். "அன்னிக்கு மட்டும் நீங்க வாயைத் திறந்திருந்தா..." என்று ஆரம்பித்தால், யாரும் பிடி கொடுக்கவில்லை. "என்னிக்கு?" என்றாள் முதல் வீட்டு அக்கா. "எந்தத் தண்ணி? எங்க தெருவுலயா?" என்றாள் சித்தி. கொண்டுவந்த நன்றியை இறக்கிவைக்க இடமில்லாமல் தையற்கடைக்கு வந்து சேர்ந்தாள்.

மனு மாமா ஆணையை வாங்கி முன்னும் பின்னும் படித்தார். "நிரந்தரம்னு போட்டிருக்கு. இனி யாரும் கைவைக்க முடியாதே?"

"முடியாது மாமா."

"அப்படின்னா உட்காரு. எத்தனை நாளா அடக்கி வெச்சிருக்கேன் தெரியுமா? காலையில முதல் குடம் கலங்கலா வருது. மூடியைப் போடுறியே, அது மூடி போடுற சத்தமா, இடி விழுற சத்தமா? கடைசி வீட்டுக்கு வர்றதுக்குள்ள தண்ணி நூலா இளைச்சுப்போகுது..."

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொன்றுக்கும் "சரி மாமா, சரி மாமா" என்றாள். கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அவர் நிறுத்தவும் இல்லை. இருட்டுகிற வரை திட்டு வாங்கிக்கொண்டு, வயிறு நிறையச் சாப்பிட்டவள் மாதிரி வீட்டுக்குப் போனாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. எழுந்து போங்கள், வீட்டில் தேடுவார்கள். உங்கள் வீட்டில் உழைக்கிற கை நோய்நொடி இல்லாமல் நெடுநாள் உழைக்கட்டும். என்றைக்காவது அது ஓய்ந்தாலும், அடுப்பு அணையாமல் பார்த்துக்கொள்ள நாலு மனிதர்கள் உங்கள் வாசலுக்கு வரட்டும். போகிற வழியில் பார்த்துப் போங்கள்.