பெட்டியின் இரண்டாவது சாவி

எங்கள் தீவுக்கு இணையம் வருவது குன்றின் உச்சியில், கம்பத்தில் மாட்டியிருக்கும் ஒரே ஒரு பெட்டியிலிருந்துதான். அதற்குச் சாவி இரண்டு. ஒன்று என்னிடம், மற்றது ஐலிஃபிடம். அந்த வாரம் முழுக்க அந்த இரண்டாவது சாவிதான் என் வயிற்றெரிச்சல்.

வடகரையில் தனியாக இருக்கும் குட்வெய்க்கின் புருஷன் அக்கரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு நர்ஸ் வீடியோ அழைப்பில் அவர் முகத்துக்கு நேரே போனைப் பிடிப்பாள். பத்தே நிமிடம். வடகரைக்குப் படம் சரியாக வந்து சேரவில்லை. பெட்டி பரப்பும் அலைவரிசையின் அகலத்தைப் பாதியாக்கினால் வேகம் குறையும், ஆனால் தூரம் எட்டும். திங்கள் காலை மேலே போய் மடிக்கணினியைச் செருகிக் குறைத்தேன். உடனே குட்வெய்க்குக்கு வீடியோவில் போன் போட்டேன்.

"படம் தெரியுதா?"

"பளிச்சுனு தெரியுது, ஹால்வார்!"

கணினியை மூடி, பெட்டியைப் பூட்டி, பதினொரு மணிக் காபிக்குக் கடைக்கு இறங்கினேன். எங்கள் ஊரில் அந்தக் காபிக்கு வராதவனை வீட்டுக்கே போய் உயிரோடிருக்கிறானா என்று பார்ப்பார்கள்.

மாலையில் பார்த்தால் அகலம் பழையபடி. செவ்வாயும் அதே கதை, புதனும் அதே கதை. வேறு யார்? துறைமுகத்தருகே தன் வீட்டில் பெரிய திரையில் கால்பந்து பார்க்கிற ஐலிஃபுக்குத்தான் வேகம் வேண்டும். போதாக்குறைக்கு, நான் காபி குடிக்கும்போதே அவனுடைய சிவப்பு வேன் குன்றுப் பாதையில் ஏறுவதைத் தினமும் கடை ஜன்னலில் பார்த்தேன். திருட்டுப் பயல்.

புதன் மாலை குட்வெய்க் கூப்பிட்டாள். "இன்னிக்கும் படம் போச்சு. ஆனா ஐலிஃப் வந்து..."

"அவன்தான்னு தெரியும்! நான் பாத்துக்கறேன்" என்று வைத்துவிட்டேன்.

வியாழன் காலை மறுபடி சரிசெய்துவிட்டுக் கடைக்குப் போனால், ஐலிஃப் அங்கே நின்றிருந்தான்.

"சாவியக் குடுடா."

"எதுக்கு?"

"புருஷன் மூஞ்சியப் பாக்க ஒரு கிழவி தவிக்கிறா. உனக்குப் பந்தாட்டம் பெருசாப் போச்சா?"

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் முகம் சிவந்தது. சாவியை என் காபிக் கோப்பையருகே வைத்தான். "உனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்கு. எனக்கு நேரமாச்சு."

வேன் மறுபடியும் குன்றுப் பாதையில் ஏறியது. சாவியில்லாமல் என்ன கிழிப்பான் என்று பின்னாலேயே போனேன். கம்பத்தருகே யாருமில்லை. பெட்டியைத் திறந்தேன். அகலம் பழையபடி இருந்தது.

இரண்டு சாவியும் என் பையில்.

மறுபடி மாற்றினேன். இந்த முறை கணினியை மூடத் தோன்றவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். திரையின் மூலையில் எண்கள் குறைந்துகொண்டிருந்தன. கீழே பொடி எழுத்தில்: இது சோதனை மட்டுமே, மூன்று நிமிடத்துக்குள் உறுதிசெய்யாவிட்டால் பழைய அமைப்பே திரும்பும். நான்கு நாளும் சோதனைப் பொத்தானை மட்டும் அழுத்திவிட்டுக் காபிக்கு ஓடியிருக்கிறேன்.

உறுதிசெய்தேன். கீழே பாதைக்கு வந்தபோது, குன்றைத் தாண்டி வடகரைக்கும் போகிற அதே பாதையில், சிவப்பு வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஐலிஃபின் பக்கத்தில் தலைவாரி, நல்ல சட்டை போட்டு, குட்வெய்க்.

"வழிய விடுடா" என்றான். "பன்னெண்டு ஆகப்போகுது. நாலு நாளா இவங்க எங்க வீட்லேர்ந்துதான் பேசுறாங்க."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். இனி வீட்டிலிருந்தே பேசலாம் என்று சொல்லி, அவனுடைய சாவியை வேன் ஜன்னலில் நீட்டினேன். வெட்கம் பிடுங்கித் தின்றது.

அவன் வாங்கவில்லை.

"நாளைக்குக் கடையில வச்சுக் குடு. காபி நேரத்துல, எல்லார் முன்னாடியும்."