அதான் கிளவுஸ் போட்டிருக்கேனே

எங்கள் தீவிர சிகிச்சைப் பிரிவின் பெரிய டாக்டருக்கு நர்ஸுகள் நாங்கள் வைத்திருக்கும் பெயர் சொற்பொழிவு. கை கழுவுவது பற்றி அவர் பேசாத மேடை இல்லை. பேசிவிட்டு வந்து, ஒரே ஜோடி கையுறையில் வார்டு முழுக்கச் சுற்றுவார். நடுவில் போன் வந்தால் அதே கையால் எடுத்துக் காதில் வைப்பார். கேட்டால், "அதான் கிளவுஸ் போட்டிருக்கேனே!" என்பார். கிளவுஸ் அவர் கையைக் காப்பாற்றும். நோயாளியை யார் காப்பாற்றுவது? இந்தச் சின்ன விஷயம் மண்டையில் ஏறாமல் எப்படித்தான் பட்டம் வாங்கினாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

போன வாரம், மூலைக் கட்டிலில் இருப்பவருக்கு எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி என்று ரிசல்ட் வந்தது. அன்றைக்கே சொற்பொழிவின் அம்மாவை மூச்சுத் திணறலோடு கொண்டுவந்தார்கள். ஜன்னலோரக் கட்டில், கழுத்து நரம்பில் மருந்துக் குழாய். அதன் வழியாகக் கிருமி இறங்கினால் அந்த உடம்பு தாங்காது.

மனுஷர் ஆடிய ஆட்டம் இருக்கிறதே! வாஷ்பேசின் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கள் கையை முகர்ந்து பார்க்காத குறைதான். பிறகு மூலைக் கட்டிலுக்குப் போனார், சளிக் குழாயைத் தொட்டுப் பார்த்தார், நேரே அம்மாவிடம் வந்து கழுத்துக் குழாயை நோக்கிக் கையை நீட்டினார். அதே கிளவுஸ்!

மணிக்கட்டை எட்டிப் பிடித்தேன்.

"சார், எங்கேருந்து வர்றீங்க?"

வாஷ்பேசினுக்கு ஓடினார். கிளவுஸைக் கழற்றி வீசிவிட்டு, விரலிடுக்கு, நகக்கண், கட்டைவிரல் என்று தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். பாடம் எடுக்கும் வீடியோவில்கூட அத்தனை ஒழுங்காகச் செய்யமாட்டார்கள். இந்த ஆளுக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது.

அம்மாவைப் பார்த்து முடித்ததும் புதுக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு மறுபடி மூலைக் கட்டிலுக்குப் போய் மூச்சு மெஷினின் குமிழைத் திருகினார். அப்படியே நடுக் கட்டிலுக்கு வந்தார். அங்கே வயிற்றில் ஆபரேஷன் ஆன ஒரு தையற்கார அம்மா. பார்க்க வந்த மகள் தலைமாட்டில் நின்றாள். புண்ணின் கட்டைப் பிரிக்கப் போனார்.

"சார், கிளவுஸ்," என்றேன்.

"எத்தனை தடவைதான் மாத்துறது? சும்மா நொய்நொய்னு..."

"உங்கம்மாவுக்கு மட்டும் மாத்துனீங்களே."

"அவங்களும் எங்கம்மாவும் ஒண்ணா சிஸ்டர்?"

அதற்குப் பிறகுதான் மகள் நிற்பது அவர் கண்ணில் பட்டது. நீட்டிய கையை இன்னும் இழுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பெண் அம்மாவின் போர்வையை இழுத்துப் புண்ணை மூடினாள். கால்மாட்டில் தொங்கிய சானிடைசர் பாட்டிலை எடுத்துக்கொண்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"கழட்டுங்க. நான் ஊத்துறேன்," என்றாள்.