நாற்பத்து நான்கு துடிப்புகள்

ஐந்து நிமிடம் பெஞ்சில் ஏறி இறங்கி, ஒரு நிமிடம் உட்கார்ந்து, பிறகு மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து அரை நிமிடம் எண்ணிய காந்தா, "நாப்பத்தி நாலு சார்" என்றாள். கரும்பலகையில் அவள் பெயருக்கு எதிரே எழுதினேன். மற்றவர்கள் எழுபது, எண்பது, எண்பத்திரண்டு என்று மூச்சிரைக்கச் சொன்னார்கள். அவ்வளவு குறைவாகச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. சேலையூரில் ஒரு பள்ளியில் எனக்குத் தற்காலிகமாக உடற்கல்வி ஆசிரியர் வேலை. உடல்திறன் சோதனை நடத்தினால் மட்டும் போதாது, முடிவுகளுக்கு மாணவர்களே பொருள் சொல்லக் கற்றுத்தர வேண்டும் என்று தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். கையேட்டில் இருந்த அட்டவணையை முந்தின நாள் சார்ட்டில் பெரிதாக எழுதினேன். ஐம்பதுக்குக் கீழே மோசம், எண்பதுக்கு மேலே நன்று. அட்டவணைக்கு அடியில் ஒரு பத்தி இருந்தது. படிக்கவில்லை. பனி மூடிய ஏதோ ஊரில் ஒரு தபால்காரன் கடிதத்தோடு நடந்துகொண்டிருக்கும் மொழிபெயர்ப்பு நாவல் பாதியில் நின்றிருந்தது. கடிதம் போய்ச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளும் அவசரம் எனக்கு.

"இப்ப நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றேன். முன்வரிசை பியூலா எழுந்து சார்ட்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"காந்தா மோசம் சார்."

வகுப்பு சிரித்தது. பள்ளியிலேயே வேகமாக ஓடுகிறவள் காந்தா. சனிக்கிழமை செங்கல்பட்டில் மாவட்டத் தேர்வு, எண்ணூறு மீட்டருக்கு அவள் பெயரை நானே அனுப்பியிருந்தேன். அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிப்பதற்குப் பதில் விளக்கினேன். ஓட்டம் காலைப் பொறுத்தது, இது இதயத்தைப் பொறுத்தது, இவ்வளவு ஏறி இறங்கியும் வேகம் எடுக்காத இதயம் பலவீனமானது என்று எங்கோ படித்தவன் போலச் சொன்னேன். வீட்டில் சொல்லிவிடும்படியும் அவளிடம் சொன்னேன்.

சொல்லிவிட்டாள். மறுநாளிலிருந்து மைதானத்துக்கு வரவில்லை. அவள் அப்பா கட்டுமரத்திலேயே மாரைப் பிடித்துக்கொண்டு செத்துப்போனவர் என்பதையும், இனிமேல் ஓடினால் காலை ஒடித்துவிடுவதாக அம்மா சொல்லியிருப்பதையும் பியூலாதான் எனக்குச் சொன்னாள்.

வியாழக்கிழமை மதியம் காந்தா ஆசிரியர் அறைக்குக் கணக்கு நோட்டோடு வந்தாள். பள்ளி நூலகத்தில் அதே கையேடு இன்னொன்று இருந்திருக்கிறது. நான் படிக்காத பத்தியை அவள் வரி விடாமல் எழுதியிருந்தாள். சார்ட்டில் இருப்பது துடிப்பின் எண்ணிக்கையே அல்ல. ஏறி இறங்கிய வினாடிகளை நூறால் பெருக்கி, அதை ஐந்தரை மடங்குத் துடிப்பால் வகுத்தால் வருகிற மதிப்பெண். துடிப்பு குறையக் குறைய மதிப்பெண் ஏறும். கீழே அவளுடைய வகுத்தல், அடித்தல் திருத்தல் இல்லாமல். நூற்று இருபத்து மூன்று சொச்சம். வகுப்பிலேயே அதுதான் அதிகம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது.

என் காது இரண்டும் சுட்டன. அந்தப் பக்கம் தசரதன் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அவள் அவரை ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டை மூடினாள்.

"கிளாஸ்ல சொல்ல வேணாம் சார், உங்கள ஓட்டுவாங்க. எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க."

பதினைந்து வயதுப் பெண் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். நான் அதற்கும் தலையாட்டினேன்.

அன்றே போயிருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் அவள் அம்மா மீன் விற்கும் மார்க்கெட்டுக்குப் போனேன். விடிந்தால் செங்கல்பட்டு. வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்துக் கலைத்துக்கொண்டே நடந்தேன். கங்கையம்மாள் வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்துக் கூடைக்காரியிடம் என்னைக் காட்டினாள்.

"இவருதாங்க்கா அந்த சாரு. நாடியப் பாத்தே கண்டுபுடிச்சிட்டாரு. அவங்கப்பனுக்கு இப்டி ஒருத்தர் சொல்லியிருந்தா..."

முடிக்காமல் நாலு பெரிய துண்டுகளை இலையில் சுற்றி என் கையில் திணித்தாள். காசை எடுத்தேன்.

"உள்ள வை சார். உன்னாண்ட துட்டு வாங்கினா எனக்குச் சோறு எறங்குமா?"

மீன் தண்ணீர் இலையிலிருந்து சொட்டி என் சட்டைக் கைக்குள் இறங்கியது. "அம்மா, அது வந்து..." என்றேன். மறுபடி வெட்டத் தொடங்கியிருந்த கத்தி பாதி மீனில் நின்றது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கூடைகளுக்குப் பின்னால் காந்தா தண்ணீர் வாளியை இறக்கி வைத்தாள். என்னைப் பார்க்கவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்து, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து, உதடு மட்டும் அசைய எண்ணத் தொடங்கினாள்.