செவ்வாய்க்கிழமையில் நின்ற தீவு

புயல் அடித்துக்கொண்டு போன ஃபோனுலேய் தீவு, கப்பலில் புதுக் கணினி வந்து இறங்கிய அன்று மதியமே புயலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையாகத் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரிக் கூரை வந்தது, தேவாலய மணி வந்தது. புயலுக்கு முன்பே, புதன்கிழமை பவளத்திட்டில் படகு கவிழ்ந்து செத்துப்போன சலேசியும் வந்து, வாசலில் உட்கார்ந்து மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தான்.

ஆஸ்பத்திரிக் கணினியைப் பார்த்துக்கொண்டவள் அவன் மனைவி கலோலைன். ஞாயிறுதோறும் அதை முழுசாக நகலெடுக்கவும், மற்ற நாட்களில் அன்றன்று மாறியதை மட்டும் எடுக்கவும் நேரம் குறித்து வைத்திருந்தாள். ஒரு நகல் அலமாரியில் இருந்த வட்டுக்கு, இன்னொன்று கடல் தாண்டி கிளவுடுக்கு. ஓய்வுநாளில் கணினி மட்டும் வேலை செய்யலாமா என்று போதகர் பலமுறை சண்டைக்கு வந்திருக்கிறார். அலமாரியைக் கடல் கொண்டுபோயிற்று. கிளவுடில் இருந்தது பிழைத்தது; அதிலிருந்த ஞாயிறு நகலைத்தான் அவள் புதுக் கணினியில் ஏற்றினாள். ஊரில் எல்லோருமே அந்தக் கணினியில் பதிவானவர்கள் என்பதால், ஊரும் சேர்ந்து வந்ததில் யாரும் ஆச்சரியப்படவில்லை. நடந்ததெல்லாம் உயிரோடிருந்தவர்களுக்கு நினைவிருந்தது. சலேசிக்கு மட்டும் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் ஞாயிறு நகரவில்லை. அடுப்பில் வைத்தது வேகவில்லை. சலேசியின் தங்கை லூபேவுக்கு வியாழனன்று பிறந்த பெண்குழந்தை மறுபடி வயிற்றுக்குள் போயிருந்தது. கலோலைன் திங்கள் நகலை ஏற்றினாள், செவ்வாயை ஏற்றினாள், அதோடு நிறுத்திவிட்டாள். போதகர்கூட அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசியில் லூபேதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"அண்ணி, உள்ள அசையவே மாட்டேங்குது."

"புதனை விட்டுட்டு வியாழனை ஏத்திப் பார்த்தேன் லூபே. நடுவுல ஒண்ணு விட்டா அடுத்தது ஏறாது."

சலேசி கிழங்குச் சட்டியோடு உள்ளே வந்தான். "அப்ப புதனை ஏத்து, கலோ."

"உனக்கென்ன, போயிடுவ."

"என் அடக்கத்துல பாட்டு நல்லா இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு. உன் சித்தப்பாதான் சுருதி தப்பிட்டாரு."

"அந்த ஆளு என் கல்யாணத்துலயே தப்பினாரு" என்று சிரித்துக்கொண்டே அவள் கைமேல் தன் கையை வைத்தான். அவள் விசையை அழுத்தினாள். புதன் ஏறியபோது கைமேல் ஈரம் மட்டும் இருந்தது. அவள் தலையைக் கவிழ்த்து வெகுநேரம் அழுதாள். பிறகு வியாழனை ஏற்றினாள். பக்கத்து அறையில் குழந்தை வீறிட்டது. வெள்ளிக்கிழமை காலையோடு நகல்கள் முடிந்தன. அதற்குப் பிறகு அடித்த புயல் எதிலும் பதிவாகவில்லை என்பதால் அது மறுபடி வரவில்லை.

பழைய நகல்கள் கெடு முடிந்ததும் தாமாக அழிந்துவிடும். அந்த வாரத்துடையதை மட்டும் கலோலைன் அழியவிடவில்லை. நகல் நன்றாயிருக்கிறதா என்று சோதிக்க, வருடத்துக்கு ஒருமுறை அந்த ஞாயிற்றைப் பின்னறையிலுள்ள உதிரிக் கணினியில் ஏற்றுவாள். அணைக்கும்வரை பின்னறையில் மட்டும் ஞாயிறு இருக்கும். அன்று லூபே வெந்த சாப்பாடாகவே கொடுத்தனுப்புவாள். அவள் மகள் ஹிவா தட்டோடு உள்ளே போவாள். சலேசி ஒவ்வொரு வருடமும் நிமிர்ந்து பார்த்து, "இது யாரு வீட்டுப் பொண்ணு?" என்று கேட்பான்.

"உங்க தங்கச்சி பொண்ணுதான் மாமா. கொஞ்சம் தள்ளி உக்காருங்க."